முதுகெலும்பை நெட்டி முறித்தால் வலி தீருமா?

ஃபஜ்ருக்கு எழும்போது நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொள்ளும் தந்தை, ருகூவில் குனிந்துவிட்டு நிமிரத் தடுமாறும் தாய், நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்துவிட்டுக் கழுத்தைத் தடவியபடி வீடு திரும்பும் பிள்ளை. இந்தக் காட்சிகள் இல்லாத வீடு நம்மில் அரிது. உலகம் முழுவதும் 2020-ஆம் ஆண்டில் சுமார் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாக உலக சுகாதார அமைப்பு கூறுகிறது.

இப்படி வலியோடு இருப்பவர்களின் கைபேசிக்கு ஒரு வகை வீடியோ அடிக்கடி வருகிறது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், படுத்திருப்பவரின் இடுப்பையோ கழுத்தையோ பிடித்துச் சட்டென்று திருப்புகிறார். 'டக்' என்று சத்தம் கேட்கிறது. படுத்திருந்தவர் எழுந்து சிரிக்கிறார். "பத்து வருட வலி பத்து நொடியில் போய்விட்டது" என்று கீழே எழுதியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "நாமும் போய்ப் பார்க்கலாமா?" என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

இந்தச் சிகிச்சைக்குக் கைரோபிராக்டிக் என்று பெயர். இது முழுவதும் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. வீடியோவில் காட்டுவதுபோல அற்புத வைத்தியம் என்று நம்பிவிடவும் முடியாது. எதற்கு உதவும், எதற்கு உதவாது, எங்கே ஆபத்து என்று பிரித்துப் பார்த்தால்தான் நம் பணமும் உடலும் தப்பும்.

தொடக்கம் எங்கே?

இதன் பிறப்பிடம் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டேவன்போர்ட் நகரம். டேனியல் டேவிட் பாமர் என்பவர் அங்கே காந்த சிகிச்சை என்ற பெயரில் வைத்தியம் பார்த்து வந்தார். அவர் மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அல்லர். 1895-ஆம் ஆண்டு, அவர் இருந்த கட்டடத்தில் துப்புரவுப் பணி செய்துவந்த ஹார்வி லில்லார்ட் என்பவரின் முதுகில் புடைத்திருந்த ஓர் எலும்பை அழுத்திச் சரிசெய்ததாகவும், பல ஆண்டுகளாகக் காது கேளாமல் இருந்த அவருக்குக் கேட்கும் திறன் திரும்பியதாகவும் பாமர் சொன்னார்.

அந்த ஒரு நிகழ்ச்சியை வைத்துப் பாமர் ஒரு கோட்பாட்டையே எழுப்பினார். முதுகெலும்புகள் சற்று இடம் விலகி நரம்புகளை அழுத்துவதால்தான் நோய்களில் 95 சதவீதம் வருகின்றன என்றார். 1897-இல் இதற்கென ஒரு கல்விக்கூடத்தையும் தொடங்கினார்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. காதிலிருந்து மூளைக்குச் செல்லும் கேள்வி நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே நேராக மூளைத்தண்டைச் சென்றடைகிறது. அது முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை. முதுகெலும்பைத் தட்டிக் காதைத் திறக்கலாம் என்பதற்கு உடற்கூற்றில் வழியில்லை. பிரிட்டனில் கைரோபிராக்டர்களைப் பதிவு செய்யும் பொது கைரோபிராக்டிக் கவுன்சிலே 2010-இல் இதைத் தெளிவாக்கியது. எலும்பு விலகல் என்னும் கருத்து வரலாற்றில் இருந்த ஒன்று. அது நோய்க்குக் காரணம் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை என்று கூறியது.

அந்த 'டக்' சத்தம்

வீடியோவில் நம்மைக் கவர்வது அந்தச் சத்தம்தான். விலகிய எலும்பு மீண்டும் இடத்தில் உட்காரும் ஓசை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்கும் அதே சத்தம்தான் இது.

நம் மூட்டுகளுக்குள் எண்ணெய் போன்ற ஒரு திரவம் இருக்கிறது. மூட்டைச் சட்டென்று இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, அந்தத் திரவத்தில் வாயு நிறைந்த ஒரு குமிழ் தோன்றுகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் விரல் மூட்டுகளை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்து, சத்தம் வரும் நொடியில் இந்தக் குமிழ் உருவாவதைப் படம் பிடித்தனர். எனவே சத்தம் பலமாகக் கேட்டால் சிகிச்சை நன்றாக நடந்தது என்று பொருளில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

"எனக்குச் சரியாகிவிட்டது" என்று ஒருவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் எதனால் சரியானது என்பது வேறு கேள்வி. நாம் வைத்தியரைத் தேடிப் போவது வலி மிக அதிகமாக இருக்கும் நாளில். திடீரென்று வரும் முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறையும். அந்த இடைவெளியில் எந்த வைத்தியம் செய்தாலும் பெயர் அந்த வைத்தியத்துக்கே போகும்.

அதனால்தான் ஆய்வாளர்கள் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு குழுக்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு குழுவுக்கு முதுகெலும்புச் சிகிச்சை, மற்றொரு குழுவுக்கு வேறு சிகிச்சை. பிறகு இரண்டையும் ஒப்பிடுகிறார்கள்.

திடீரென்று வந்த கீழ்முதுகு வலி பற்றி 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 'ஜாமா' இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. அதில் வலியின் அளவைப் பார்த்த 15 ஆய்வுகளில் 1,711 நோயாளிகள் இருந்தனர். வலியை 100 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் அளந்தால், ஆறு வாரங்கள் வரையிலான காலத்தில் சுமார் 10 புள்ளிகள் கூடுதலாகக் குறைந்திருந்தது. வலி 60 என்றிருந்தால் 50 ஆனது என்று வைத்துக்கொள்ளலாம். பலன் உண்டு, ஆனால் சிறியது.

நாள்பட்ட கீழ்முதுகு வலி பற்றி 2019-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட தொகுப்பாய்வு 47 ஆய்வுகளையும் 9,211 பேரையும் கொண்டது. பரிந்துரைக்கப்படும் மற்றச் சிகிச்சைகளான உடற்பயிற்சி போன்றவை தரும் அளவு நிவாரணத்தையே இதுவும் தருகிறது என்பது அதன் முடிவு.

இதை வைத்துத்தான் நாடுகளின் வழிகாட்டுதல்கள் எழுதப்பட்டுள்ளன. பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2016-இல், கையால் செய்யும் இத்தகைய சிகிச்சையைத் தனியாகச் செய்யாமல், உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே பரிசீலிக்கலாம் என்றது. உலக சுகாதார அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகளில் ஒன்றாக இதை நிபந்தனையோடு சேர்த்திருக்கிறது. அதே வழிகாட்டுதல் இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. நம் வீடுகளில் பெல்ட் வாங்கி மாட்டியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வலியைத் தாண்டிய வாக்குறுதிகள்

மேலே சொன்ன ஆதாரமெல்லாம் கீழ்முதுகு வலிக்கானது. ஆனால் விளம்பரங்கள் அதோடு நிற்பதில்லை. ஆஸ்துமா, காதுத் தொற்று, பச்சிளங்குழந்தையின் ஓயாத அழுகை என்று பட்டியல் நீள்கிறது. இவற்றுக்கு முதுகெலும்புச் சிகிச்சை பலன் தரும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

இதைச் சொன்னதற்காக ஓர் எழுத்தாளர் நீதிமன்றம் ஏற நேர்ந்தது. அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் 2008-இல் 'கார்டியன்' நாளிதழில், குழந்தைகளின் இத்தகைய நோய்களைக் குணப்படுத்த முடியும் என்ற கூற்றுகளுக்கு ஆதாரமில்லை என்று எழுதினார். பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவர் மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010 ஏப்ரலில் சிங்குக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகு, சங்கம் வழக்கைத் திரும்பப் பெற்றது.

ஆகவே முதுகெலும்பை முறித்துக் குழந்தையின் அழுகையையோ மூச்சிரைப்பையோ தீர்க்கிறோம் என்று யார் சொன்னாலும் குழந்தையை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

கழுத்து விஷயத்தில் கூடுதல் கவனம்

இடுப்பில் செய்வதும் கழுத்தில் செய்வதும் ஒன்றல்ல. சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் உடல்வலி, விறைப்பு போன்றவை ஏறக்குறைய பாதிப் பேருக்கு வரும், தானாகவே போய்விடும். கழுத்தில் உள்ள ஆபத்து வேறு வகை.

கழுத்தெலும்புகளில் உள்ள துளைகள் வழியாக இரண்டு தமனிகள் மேலேறி மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டு செல்கின்றன. கழுத்தைச் சட்டென்று திருப்பும்போது தமனியின் உட்சுவர் கிழிந்தால் அங்கே இரத்தம் உறையலாம். அந்த உறைவு மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்க இதய சங்கம் 2014-இல் இந்தத் தொடர்பை ஆராய்ந்து, கழுத்தில் இச்சிகிச்சை செய்வதற்கு முன் நோயாளியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று அறிவுறுத்தியது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தமனி ஏற்கெனவே கிழியத் தொடங்கியவருக்கு முதலில் வருவது கழுத்துவலிதான். அந்த வலிக்காகவே அவர் வைத்தியரிடம் போகிறார். அதனால் பக்கவாதத்துக்குச் சிகிச்சைதான் காரணம் என்று எல்லா நிகழ்வுகளிலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இப்படி நேர்வது மிக அரிது என்பதும் உண்மை. ஆனால் கிடைக்கும் பலன் சிறியது. உடற்பயிற்சியாலும் அதைப் பெறலாம். அதற்காக இந்த ஆபத்தை ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்?

நம் ஊர் முடிதிருத்தும் கடைகளில் தலையை மசாஜ் செய்து முடித்ததும் கழுத்தை இருபுறமும் சொடுக்கிவிடும் பழக்கம் இருக்கிறது. அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். "கழுத்தைத் திருப்ப வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எப்போது நேராக மருத்துவரிடம் போக வேண்டும்?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் யாரிடமும் முதுகைக் கொடுக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

- சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போவது, அல்லது சிறுநீர் கழிக்க முடியாமல் போவது. உட்காரும் இடத்தில் மரத்துப்போவது. இது அவசர நிலை. அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.
- கால் அல்லது கையில் பலம் குறைந்துகொண்டே போவது.
- காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் விடாத வலி. காசநோய் முதுகெலும்பையும் தாக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.
- முன்பு புற்றுநோய் வந்தவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ள முதியவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு அல்லது இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், கீழே விழுந்தவர்கள்.
- இதுவரை கண்டிராத கடுமையான கழுத்துவலி அல்லது தலைவலியோடு தலைசுற்றல், பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது. இதற்கும் அன்றே மருத்துவமனை.

போவதாக இருந்தால் கேட்க வேண்டியவை

இந்தியாவில் மருத்துவர்களுக்கு இருப்பதுபோல, கைரோபிராக்டர்களுக்கென்று உரிமம் வழங்கும் சட்டப்படியான தனிக் கவுன்சில் இல்லை. அமீரகம் போன்ற இடங்களில் உரிமம் வழங்கும் முறை உண்டு. அங்கிருப்பவர்கள் அதைக் கேட்டுச் சரிபார்க்கலாம். இங்கே முதலில் எலும்பு மருத்துவர் ஒருவரைப் பார்த்து, அவர் பரிந்துரைக்கும் பிசியோதெரபிஸ்டிடம் செல்வதே பாதுகாப்பு.

போகும் இடத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்கள் படிப்பு என்ன? எனக்குச் செய்யப்போவதில் என்ன ஆபத்து? எத்தனை முறைக்குள் பலன் தெரிய வேண்டும்? "முப்பது முறைக்கு இப்போதே பணம் கட்டினால் தள்ளுபடி", "வாழ்நாள் முழுக்க மாதம் ஒருமுறை வர வேண்டும்" என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சில வாரங்களில் முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் திரும்புங்கள்.

செலவில்லாத மருந்து ஒன்று இருக்கிறது. சாதாரண முதுகுவலியில் படுத்தே கிடக்காமல், முடிந்த அளவு நடமாடிக்கொண்டிருப்பதும், வலி தணிந்ததும் முதுகுக்கும் வயிற்றுத் தசைகளுக்கும் பயிற்சி கொடுப்பதும்தான் அது. இன்று முடிந்தது பத்து நிமிட நடை என்றால் அதிலிருந்து தொடங்குங்கள். வலியால் நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவர் வீட்டில் இருந்தால், "இனி இப்படித்தான்" என்று விட்டுவிடாமல், அவருக்கு ஏற்ற பயிற்சி எது என்று ஒருமுறை பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துச் சென்று கேளுங்கள்.