வண்டி வரும் வரை

2023ஆம் ஆண்டு, பங்குனி மாதத்தில் ஒரு மாலை. எளாவூரில் எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில் ஓர் ஓலைக் குடிசை தீப்பிடித்தது. அடுப்பில் மிச்சமிருந்த கங்கு காரணம் என்று பிறகு சொன்னார்கள். தெருவே குடமும் வாளியுமாகத் திரண்டது. நானும் ஒரு குடத்துடன் வரிசையில் நின்றேன்.

சிப்காட்டில் வேலை முடிந்து அப்போதுதான் வந்த அந்த வீட்டுப் பெண், "ஐயோ, பாப்பா உள்ள இருக்கா!" என்று அலறினார். என்னிடம் படித்து முடித்த மாணவன் ஒருவன் யோசிக்காமல் உள்ளே பாய்ந்தான். கூரை சரிவதற்குள் வெளியே வந்துவிட்டான். ஆனால் இரண்டு கைகளும் வெந்திருந்தன. உள்ளே யாரும் இல்லை. பாப்பா இரண்டு தெரு தள்ளி, இல்லம் தேடிக் கல்வி மையத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

கால் மணி நேரம் முன்பு அவளை அங்கே பார்த்துவிட்டு வந்தவள் நான். அந்தச் செய்தி என்னிடம் இருந்தது. "உள்ளே யார் இருக்கிறார்கள்?" என்று யாரும் கேட்கவில்லை. கூச்சலில் அந்தத் தாய் சொன்னது என் காதிலும் விழவில்லை.

இன்னும் இரண்டு செய்திகள் அன்றிரவு தெரிந்தன. தீயணைப்பு நிலையத்துக்கு யாராவது கூப்பிட்டிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்ததால், முதல் அழைப்பே தாமதமாகத்தான் போயிருந்தது. வந்த வண்டி எந்தச் சந்தில் திரும்புவது என்று தெரியாமல் நின்றது. வழி காட்ட முனையில் ஒருவரும் இல்லை. அந்தப் பையனின் கைகளில் அதற்குள் யாரோ பற்பசையைப் பூசியிருந்தார்கள். வேறு ஊரார் செய்த தவறுகள் இல்லை இவை. நாங்கள் செய்தவை.

தன்னார்வலர் என்பவர் யார்?

ஜெர்மனியில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் ஊதியமில்லாத தீயணைப்பு வீரர்களாக இருக்கிறார்கள். சிறிய ஊர்களில் அவர்கள்தான் தீயணைப்புப் படையே. சிலி நாட்டில் 1851இல் வால்பரைசோ துறைமுக நகரில் தொடங்கிய படை முதல் இன்றுவரை, தீயணைப்போர் அனைவரும் தன்னார்வலர்களே. அண்டை மாநிலமான கேரளம், ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்துக்கும் 50 பேர் வீதம் தன்னார்வலர்களைச் சேர்த்துப் பயிற்சி அளித்துள்ளது.

நம் மாநிலத்தில் தீயை அணைப்பது தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் பொறுப்பு. ஊருக்கொரு தன்னார்வப் படை என்ற ஏற்பாடு இங்கே இல்லை. ஆனால் வேறு வழிகள் உண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'ஆப்த மித்ரா' திட்டம் 2016இல் 30 மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2021இல் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேர் என்று விரிந்தது. 18 முதல் 40 வயது வரையுள்ள, ஏழாம் வகுப்பாவது படித்த உள்ளூர்க்காரர்கள் இதில் சேரத் தகுதி பெற்றிருந்தார்கள். 12 நாள் பயிற்சி, மீட்புக் கருவிப் பை, காப்பீடு ஆகியவை வழங்கப்பட்டன. விவரங்களை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கேட்கலாம்.

எனக்கு வயது நாற்பத்தாறு. அந்தத் திட்டத்துக்கு நான் தாமதமாக வந்தவள். எனவே அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்குப் போய், "எனக்கும் என் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டேன். மறுக்கவில்லை. நிலைய அலுவலர் முதலில் சொன்னது இதுதான்: "டீச்சர், நெருப்புக்குள்ள போறது எங்க வேலை. நாங்க வர்ற வரைக்கும் மத்த எல்லாம் உங்க வேலை."

ஐந்து வேலைகள்

அந்த 'மற்ற எல்லாம்' என்பதை நான் ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

முதலாவது, அழைப்பு. "யாராவது போன் பண்ணுங்க" என்றால் ஒருவரும் பண்ணமாட்டார்கள். ஒருவரைப் பெயர் சொல்லி நிறுத்தி, 101 அல்லது 112க்கு அழைக்கச் சொல்ல வேண்டும். ஊர், அடையாளம், எரிவது என்ன, யாரேனும் சிக்கியுள்ளார்களா என்ற நான்கையும் சொல்லி, மறுமுனையில் கேட்டு முடித்த பிறகே இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. அந்த வீட்டில் எத்தனை பேர், கடைசியாக யார் யாரை எங்கே பார்த்தது என்று ஒருவர் உரக்கக் கேட்க வேண்டும். விடை தெரிந்தவர் பெரும்பாலும் கூட்டத்திலேயே இருப்பார்.

மூன்றாவது, துண்டிப்பு. மெயின் சுவிட்சை அணைக்காமல் மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவும். அந்த வாசனை வந்தால் எந்த மின்சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும்.

நான்காவது, வழியும் நீரும். நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில் ஒருவர் நிற்க வேண்டும். சந்தில் நிற்கும் இருசக்கர வண்டிகளை அகற்ற வேண்டும். தீயணைப்பு வண்டியில் வரும் சில ஆயிரம் லிட்டர் நீர் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அடுத்து எந்தக் குளம், யாருடைய பம்புசெட் என்பது உள்ளூர்க்காரருக்கே தெரியும்.

ஐந்தாவதுதான் அணைத்தல். ஒரு குப்பைக்கூடை அளவுத் தீ என்றால் மட்டுமே முயல வேண்டும். வெளியேறும் வழி நம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். தீயணைப்பானில் ஊசியை இழு, தீயின் அடிப்பாகத்தைக் குறிவை, பிடியை அழுத்து, பக்கவாட்டில் வீசு. இந்த நான்கு சொற்களைப் பிள்ளைகள் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார்கள். சிறிய கருவி சில நொடிகளே வேலை செய்யும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூரை முழுதும் பற்றிவிட்டால் அதை விட்டுவிட்டு, அடுத்த வீட்டுக் கூரையை நனைப்பதே பயன் தரும்.

எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் கூடவே கூடாது. தண்ணீர் நீராவியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1700 மடங்கு பெருகும். எரியும் எண்ணெயை அது நாலாபுறமும் தூக்கி வீசும். அடுப்பை அணைத்து, சட்டியை ஒரு தட்டால் மூடினால் போதும். காலை உணவும் மதிய உணவும் சமைக்கப்படும் நம் பள்ளிகளில் சமையலர் அக்காக்களுடன் உட்கார்ந்து பேச வேண்டிய முதல் செய்தி இது.

தீப்புண்ணுக்கு மருந்து ஓடும் குழாய்த் தண்ணீர், இருபது நிமிடம். பற்பசை, மாவு, மை எதுவும் வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

நெருங்குவதும் விலகுவதும்

நம் வட்டாரம் இரண்டு பாடங்களை அண்மையில் கண்டது. 2024 அக்டோபர் 11 இரவு, கவரைப்பேட்டையில் மைசூரு-தர்பங்கா பாக்மதி விரைவு ரயில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன, தீயும் பிடித்தது. சுற்றியுள்ள ஊர்மக்கள் ஓடி வந்து பயணிகளுக்கு உதவினார்கள். உயிரிழப்பு இல்லை. 2025 ஜூலை 13 காலை, திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் எரிந்தது. அங்கே அருகில் குடியிருந்தவர்கள் செய்யக்கூடிய சரியான செயல், வீட்டை விட்டு விலகிப் போவதுதான். எங்கே நெருங்குவது, எங்கே விலகுவது என்று பிரித்தறிவதே பயிற்சியின் பெரும்பகுதி.

எளாவூர் சோதனைச் சாவடி வழியே எரிபொருளும் வேதிப்பொருளும் ஏற்றிய லாரிகள் நாளெல்லாம் போகின்றன. அவற்றின் எச்சரிக்கைப் பலகையில் நான்கு இலக்க எண் இருக்கும்: 1075 சமையல் எரிவாயு, 1202 டீசல், 1203 பெட்ரோல். விபத்து நடந்தால் அந்த எண்ணைத் தூரத்திலிருந்தே படித்து 101இல் சொல்லலாம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமே நிற்க வேண்டும். வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது.

வகுப்பறைக்கு வரும்போது

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பின்னணியில் தொடரப்பட்ட வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்றது. தீயணைப்புக் கருவிகளும் பணியாளர்களுக்குப் பயிற்சியும் அதனால் கட்டாயமாயின. கருவி சுவரில் தொங்கினால் மட்டும் பயிற்சி நடந்ததாகாது.

எங்கள் பள்ளியில் பருவத்துக்கு ஒரு முறை ஒத்திகை நடத்துகிறோம். எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் என்ற முக்கோணத்தை அறிவியல் பாடத்தில் நடத்தும் வாரத்திலேயே அதை வைத்துக்கொள்கிறோம். சமூக அறிவியலில் பிள்ளைகள் ஊர் வரைபடம் வரைந்து குளம், பம்புசெட், வண்டி நுழையும் சந்து ஆகியவற்றைக் குறிக்கிறார்கள். வருகையைச் செயலியில் பதிந்தாலும், வராதவர் பெயர்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வகுப்புத் தலைவியிடம் கொடுத்துவிடுகிறேன். புகைக்கு நடுவே கைப்பேசியைத் தேட முடியாது.

கடைசி ஒத்திகையில் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வரிசையாக நின்றார்கள். என் வகுப்பில் முப்பத்தொரு பேர். எண்ணினால் முப்பது. ஒருவன் கட்டடத்தை நோக்கித் திரும்பினான். தலைவி அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, சீட்டை விரித்துப் படித்தாள்.

"கணக்கு சரியா இருக்கு டீச்சர். அவ இன்னிக்கு வரவே இல்ல."

அன்று கைகள் வெந்த பையன் இப்போது ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். இடது கை விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. ஒவ்வொரு ஒத்திகைக்கும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது என்று பிள்ளைகளுக்குக் காட்டுபவன் அவன்தான்.