முளைக்காமல் இருக்கும் வித்தை

குளிர்பெட்டியின் அடித்தட்டில் மறந்துபோயிருந்த தக்காளி ஒன்றை எதிர்வீட்டு அக்கா நறுக்கினார். அடுத்த நொடி கத்தி ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம். "ஐயோ, புழு!" என்று அவர் போட்ட சத்தத்தில் நானும் போய்ப் பார்த்தேன். சதைக்குள் வெள்ளை வெள்ளையாக, நூல் கணக்கில், ஏதோ வளைந்து நெளிந்து கிடந்தது. ஈர்க்குச்சியால் ஒன்றை மெல்ல நிமிர்த்தினேன். நுனியில் வெளிர்பச்சையாய் இரண்டு குட்டி இலைகள். விதை பழத்துக்குள்ளேயே முளைத்திருந்தது.

"இது எப்படிப்பா உள்ளேயே முளைச்சுது?" என்று அக்கா கேட்டார். கேள்வியைத் திருப்பிப் போட்டால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. மற்ற பழங்களில் ஏன் முளைப்பதில்லை?

விதைக்கு வேண்டியது ஈரமும் இதமான சூடும். பழுத்த தக்காளிக்குள் இரண்டுக்கும் குறைவில்லை. விதையும் அதற்குள் தயாராகிவிடுகிறது. காய் நிறம் மாறும் முன்பே, முற்றிய பச்சைக் காயிலிருந்து எடுத்துக் கழுவி வைத்தால் முளைக்கக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. ஆனாலும் செடியில் தொங்கும் வரை வாளாவிருக்கிறது. பழத்துக்குள் முளைத்த கன்றுக்கு வேர் விட மண் கிடையாது. அழுகும் பழத்தோடு அதுவும் போய்ச் சேரவேண்டியதுதான். ஆகவே செடி தன் விதைகளுக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு.

முதல் பூட்டு அப்சிசிக் அமிலம். 'இப்போது வேண்டாம்' என்று விதைக்குச் சொல்லும் ஹார்மோன் இது. பழச்சதையிலும் விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான கூழிலும் இருக்கிறது. இரண்டாவது பூட்டு நம் சமையலறைக்குத் தெரிந்த சங்கதி. உப்பில் பிசறிய மாங்காய்த் துண்டு நீர் விடுகிறதே, அதே கணக்கு. சர்க்கரையும் அமிலமும் உப்புகளும் கரைந்த பழச்சாறு விதையைச் சுற்றி நிற்கும்போது, முளைக்கப் போதுமான தண்ணீரை விதையால் இழுத்துக்கொள்ள முடிவதில்லை. தண்ணீருக்குள் கிடந்தும் தாகம். அக்காவின் பழம் குளிர்பெட்டியில் நெடுநாள் கிடந்ததில் ஹார்மோன் கரைந்து பூட்டு தளர்ந்துவிட்டது. வேறொன்றுமில்லை.

வீட்டில் விதை எடுப்பவர்கள் செய்யும் ஒரு வேலைக்கு இப்போது அர்த்தம் புரியும். பழத்தை வெட்டி, விதைகளைக் கூழோடு வழித்து ஒரு கண்ணாடித் தம்ளரில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, துணியால் மூடி இரண்டு மூன்று நாள் புளிக்க விடுவார்கள். மேலே வெள்ளையாய் ஆடை கட்டும். வாடை சுமாராகத்தான் இருக்கும். விருந்தாளி வரும் நாளில் இதைத் தொடங்கவேண்டாம். நுண்ணுயிர்கள் அந்த வழவழப்பைத் தின்று தீர்த்ததும் நல்ல விதைகள் அடியில் தங்கும், பொக்கு விதைகள் மிதக்கும். டீ வடிகட்டியில் கொட்டி நன்றாக அலசி, பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்தவேண்டும். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு வராது. புளிக்கிற தம்ளரை ஒரு வாரம் மறந்துவிட்டாலும் வம்பு. பூட்டு திறந்துவிட்டதால் அந்தத் தண்ணீரிலேயே முளைக்கத் தொடங்கிவிடும்.

வழித்த விதையைச் சாம்பலில் பிசறித் தேய்த்துக் காயவைக்கும் வழக்கமும் கிராமங்களில் உண்டு. வழவழப்பை உரித்து எடுப்பதுதான் அதிலும் நோக்கம்.

தம்ளரில் நாம் செய்யும் வேலையைக் காட்டில் செய்வது வயிறு. பழத்தைத் தின்ற பிராணியின் குடலில் கூழ் செரிந்துவிடும், விதை செரியாது. வேறோர் இடத்தில் எருவோடு சேர்த்து இறக்கிவிடப்படும். இதில் உச்சமான கதை கலாபகஸ் தீவுகளில் இருக்கிறது. 1835இல் டார்வின் போய் இறங்கிய அதே தீவுகள். அங்கே மஞ்சளும் ஆரஞ்சுமாய்ச் சிறு சிறு பழம் காய்க்கும் காட்டுத் தக்காளி இனங்கள் வளர்கின்றன. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் தக்காளிக்காகவே வாழ்ந்த சார்லஸ் ரிக் அவற்றின் விதைகளை விதைத்துப் பார்த்தார். பெரும்பாலானவை அசையவே இல்லை. பிறகு அந்தத் தீவுகளின் ராட்சத ஆமைகளுக்குத் தின்னக் கொடுத்தார்கள். ஆமையின் குடலில் எதற்கும் அவசரம் கிடையாது. நாள்கணக்கில் காத்திருந்து சாணத்திலிருந்து பொறுக்கியெடுத்த விதைகள் நன்றாக முளைத்தன. ரிக்கும் சக ஆய்வாளர் ராபர்ட் போமனும் 1961இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்று டேவிஸில் ரிக்கின் பெயரிலேயே இயங்கும் தக்காளி மரபணு மையத்தில் ஆமைக்கு வேலையில்லை. காட்டு இனங்களின் கடினமான விதைத்தோலை, துணி வெளுக்கும் பிளீச்சில் நீர் கலந்து ஊறவைத்துத் தளர்த்துகிறார்கள். நம் வீட்டுத் தக்காளிக்கு அத்தனை கெட்டித் தோல் இல்லை, பிளீச் பக்கம் போகவேண்டாம்.

மனிதக் குடலும் இந்த வேலையைச் சரியாகவே செய்கிறது. கழிவுநீர்ப் பண்ணைகளில் யாரும் விதைக்காமல் தக்காளி காய்த்துக் குலுங்குவதன் ரகசியம் அதுதான். கொல்லையில் பாத்திரம் கழுவும் கல்லடியில் தானாக முளைக்கும் செடி கொஞ்சம் நாகரிகமான உறவினர்.

தக்காளியின் காட்டு மூதாதைகள் தென்னமெரிக்காவின் மேற்கோரம், ஆண்டிஸ் மலைப் பக்கத்தவை. தக்காளி என்ற பெயர் மட்டும் நம்முடையது. மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும் இங்கே ஏற்கெனவே இருந்தன. பின்னால் வந்து சேர்ந்ததைச் சீமைத்தக்காளி என்றார்கள். இப்போது சீமையை உதிர்த்துவிட்டுப் பெயரைத் தனக்கே எழுதிக்கொண்டுவிட்டது.

உலர்ந்த விதையை விரல்நுனியில் வைத்துப் பாருங்கள். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ முந்நூறு விதை நிற்கும்; அவ்வளவு இலேசு. மேலே பூனைமுடி மாதிரி ஒரு பூம்பட்டு. உள்ளே கரு, தேள்வால் போலச் சுருண்டு படுத்திருக்கிறது. அதைச் சுற்றி உணவுத் திசு. வேர்நுனிக்கு நேர் எதிரே அந்தத் திசு ஒரு மூடி போல் அடைத்து நிற்கிறது. ஈரமண்ணில் விழுந்ததும் விதை தண்ணீர் குடித்து உப்பும். வேர் முட்டும், மூடி விடாது. அப்போது கரு ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலில் உண்டாகும் நொதிகள் மூடியின் செல்சுவர்களை அரித்துத் தளர்த்துகின்றன. மூடியின் எதிர்ப்பு வேரின் அழுத்தத்துக்குக் கீழே இறங்கும் கணத்தில் வெள்ளை முனை வெளியே எட்டிப் பார்க்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள், ஜிப்பரெல்லினைச் சுரக்கவே முடியாத ஒரு தக்காளி ரகத்தை வைத்து 1987இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அந்த விதைகள் வெறும் தண்ணீரில் முளைக்காது. வேருக்கு எதிரே உள்ள மூடியைக் கத்தியால் நீக்கிவிட்டால், அதே தண்ணீரில் வேர் வெளியே வந்தது.

25 முதல் 30 டிகிரி சூட்டில் இதெல்லாம் ஒரு வாரத்துக்குள் முடிந்து மண்ணுக்கு மேல் தலை தெரியும். தலை என்பது தப்பு. முதலில் வருவது முதுகு. தண்டு கொக்கிபோல் வளைந்து மண்ணை முட்டித் திறக்கிறது. மென்மையான நுனி பின்னால் பத்திரமாக இழுபட்டு வருகிறது. வெளிச்சம் பட்டதும் கொக்கி நிமிர்கிறது. வெளிச்சம் போதாவிட்டால் நாற்று இருட்டிலிருந்து தப்பிக்கும் அவசரத்தில் நெட்டையாய் வளர்ந்து சாயும். ஜன்னலோரக் குழித்தட்டில் வளர்க்கும் எல்லோருக்கும் இந்தக் காட்சி பழக்கம். 'சத்து போதலை' என்று உரம் கொட்டுவதில் பயனில்லை, வெயிலுக்கு நகர்த்துங்கள். நடும்போது தண்டின் பாதி புதையும்படி ஆழமாக நடலாம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் உள்ளதைவிடத் தாராளமாகத் தக்காளியின் தண்டு வேர் விடும். தண்டிலுள்ள மெல்லிய ரோமங்கள்தான் வேராகின்றன என்று சொல்வது சரியல்ல. வேர் தண்டின் உள்ளிருந்து புறப்படுகிறது, ரோமம் ரோமம்தான்.

ஈரம் சொதசொதவென்று நின்றால் நாற்றழுகல் வந்து, முளைத்த மூன்றாம் நாள் அடித்தண்டு சூம்பி விழும். மேலே காய்ந்து உள்ளே ஈரம் இருப்பதே போதும். சித்திரை வெயிலில் செடி செழித்தும் பூ மட்டும் உதிர்கிறதென்றால் செடியைத் திட்டவேண்டாம். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் ஆறாமல் புழுங்கினால் மகரந்தம் கெட்டுவிடுகிறது.

கடைப்பழத்து விதையைப் போடலாமா? போடலாம், அதே பழத்தை எதிர்பார்க்கக்கூடாது. சந்தைக்கு வரும் பழங்களில் பல, இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய வீரிய ஒட்டு ரகம். அதன் பிள்ளைகளில் பண்புகள் பிரிந்து, ஒன்று தாத்தாவைப் போல, ஒன்று பாட்டியைப் போல, ஒன்று யாரைப் போலவும் இல்லாமல் வரும். நாட்டு ரகத்திலோ, பெரியகுளத்தில் அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து உருவான பி.கே.எம்.1 போன்ற ரகத்திலோ அந்தக் குழப்பம் இல்லை. தக்காளிப் பூவில் மகரந்தப்பைகள் கூம்பாகச் சேர்ந்து சூலகத்தை மூடியிருப்பதால் பெரும்பாலும் தன் மகரந்தமே தனக்கு. மகரந்தம் உதிர ஒரு குலுக்கல் வேண்டும், அவ்வளவுதான். பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைக்கும் கருவண்டு அதைச் செய்யும். வண்டு வராத பத்தாவது மாடியில் காலையில் பூங்கொத்தை நீங்களே சுண்டிவிடலாம்.

அக்கா தூக்கியெறிந்த பாதிப் பழத்தை ஒரு தொட்டியில் வெட்டுப்பக்கம் கீழாக வைத்து, விரல்கனத்துக்கு மண் தூவினேன். பதினொரு நாற்று வந்தது. நான்கைத் தனித்தனித் தொட்டியில் நட்டு, இரண்டை அவர் மாடிக்கே கொடுத்துவிட்டேன். பழம் எந்தச் சாடையில் வரும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒன்றில் நேற்று முதல் பூ மஞ்சளாய் விரிந்திருக்கிறது.