குள்ளர் குகையில யாருங்க இருக்கா?

செமஸ்டர் லீவு விட்டாச்சா? 'ஊட்டியா, கொடைக்கானலா'னு உங்க கேங் ரெண்டாப் பிரிஞ்சு அடிச்சுக்க ஆரம்பிச்சிருக்குமே! ரெண்டும் வேணாம் பாஸ். ஜோலார்பேட்டையில ரயிலை விட்டு இறங்கி, திருப்பத்தூர் போய், புதூர்நாடு பஸ்ஸைப் பிடிங்க. மலை ஏற ஏற செல்போன் சிக்னல் கண்ணாமூச்சி ஆடும். ஆடட்டும், விடுங்க!

ஜவ்வாது மலையில திருப்பத்தூர் பக்கம் மூணு நாடு இருக்கு. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. பாஸ்போர்ட் எல்லாம் கேட்க மாட்டாங்க. பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு, அவ்வளவுதான். இங்கே வாழ்ற பழங்குடி மக்களுக்கு மலையாளின்னு பேர். உடனே சேட்டன், சேச்சின்னு ஆரம்பிச்சுடாதீங்க. மலையில வாழ்றதால மலையாளி, பேசறது தமிழ்தான். சாமையும் புளியும் தேனும் இவங்க மலையோட ஸ்பெஷல்.

பாக்கெட்டுல போன சாமி!

நாங்க போனப்ப ஒரு மரத்தடியில வழவழன்னு சில கற்கள். மஞ்சள், குங்குமம் வெச்சிருந்தாங்க. 'சூப்பர் பேப்பர் வெயிட்'னு எங்க கேங்ல ஒருத்தன் ஒண்ணை எடுத்து பாக்கெட்டுல போட்டுட்டான். விறகோட வந்த பாட்டி பார்த்துட்டாங்க. திட்டல, கத்தல. "தம்பி, அது சாமி. அங்கியே வெச்சுடு"ன்னு மட்டும் சொன்னாங்க. மாப்பிள்ளை முகத்துல ஈயாடல!

ஊருக்கு வந்து விசாரிச்சப்பதான் விஷயமே புரிஞ்சுது. இரும்பு வர்றதுக்கு முன்னாடி, புதிய கற்கால மனுஷங்க தேய்ச்சுத் தேய்ச்சுக் கூராக்கின கற்கோடரிகளை இந்த மலை மக்கள் சாமியாக் கும்பிடறாங்க. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி ஆய்வாளர்கள் மலை ஏறி இறங்கி இப்படி கற்கோடரிகளையும் நடுகற்களையும் கண்டுபிடிச்சிருக்காங்க. மியூசியத்துல கண்ணாடிக்குள்ள இருக்க வேண்டியதை ஒரு ஊரே பொட்டு வெச்சுக் காப்பாத்திட்டு இருக்கு. அதைத்தான் நம்ம ஆளு சுட்டுட்டு வரப் பார்த்தான்!

குகை இல்லீங்க, கல்லறை!

மலையோட இன்னொரு பக்கம், திருவண்ணாமலை மாவட்டத்துல ஜமுனாமரத்தூர். அதுக்குப் பக்கத்துல 'குள்ளர் குகை' இருக்குன்னு சொன்னதும் டார்ச் லைட்டோட கிளம்பினோம். போய்ப் பார்த்தா குகையே இல்லை. பலகைக் கல்லை நாலு பக்கமும் நிறுத்தி, மேல ஒரு மூடுகல். ஒரு பக்கம் மட்டும் வட்டமா ஓட்டை. சிமென்ட் இல்லை, கிரேன் இல்லை. எங்க கேங்ல சிவில் படிக்கிறவன் சுத்திச் சுத்தி வந்து தலையைச் சொறிஞ்சான். சின்னதா இருக்கறதால குள்ளர்கள் வாழ்ந்த வீடுன்னு ஊர்ல கதை. உண்மையில இது கல்திட்டை. 2,000 வருஷத்துக்கும் முந்தின இரும்புக் காலத்துல செத்துப்போனவங்களுக்காகக் கட்டினது.

தென்கொரியாவுல கோச்சாங், ஹ்வாசுன், கங்ஹ்வா ஊர்கள்ல இருக்கற இதே மாதிரி கல்திட்டைகளை யுனெஸ்கோ 2000-ல உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சுது. இங்கே? புதையல் ஆசையில தோண்டறவங்க ஒரு பக்கம், ஹார்ட்டின் வரைஞ்சு பேர் கிறுக்கற நம்ம ஆளுங்க இன்னொரு பக்கம். அடுத்தவங்க தாத்தாவோட சமாதியில உங்க ஆள் பேர் எதுக்கு பாஸ்?

கிளம்பறதுக்கு முன்னாடி...

* ஆலங்காயம் வழியா ஜமுனாமரத்தூர் போனா, நடுவுல காவலூர் வானாய்வகம். 1986-ல தொடங்கி வெச்ச 2.34 மீட்டர் டெலஸ்கோப் அங்கேதான் இருக்கு. பார்வை நேரத்தை விசாரிச்சுட்டுப் போங்க.

* காட்டுக்குள்ள நுழைய வனத்துறை அனுமதி முக்கியம். கூடவே உள்ளூர்க்காரர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. அவர் சொல்ற கதை எந்த போர்டுலயும் இருக்காது.

* பஸ்ஸை விட்டுட்டா லோடு வண்டியில தொத்திக்காதீங்க. 2022 ஏப்ரல்ல புதூர்நாடு பகுதியில வேன் கவிழ்ந்து, கோயிலுக்குப் போன 11 பேர் இறந்துட்டாங்க.

போட்டோ எடுங்க, எத்தனை வேணும்னாலும். வேற எதையும் எடுக்காதீங்க. அந்தப் பாட்டியோட சாமியை மரத்தடியில திரும்ப வெச்சுட்டுத்தான் வந்திருக்கோம். நீங்க போறப்பவும் அது அங்கியே இருக்கணும். ஓகேவா?