63 மட்டுமா காரணம்?

கோவேறு கழுதையில் ஆணுக்குக் காயடிப்பார்கள். அதற்குக் குட்டி பிறக்காது என்று தெரிந்தும் செய்வார்கள். ஆண் சுரப்பு அதற்குக் குறைவின்றிச் சுரப்பதால், பெட்டையைக் கண்டால் கட்டுக்கு அடங்காது, கடிக்கும், உதைக்கும். மலையேறிச் சுமை தூக்கும் அந்த உடலில் உருவாகாதது உருப்படியான விந்தணு ஒன்றுதான்.

ஏன்? பள்ளியில் சொல்லித்தந்த கணக்கு நினைவிருக்கும். குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. குதிரைத் தாயிடமிருந்து 32, கழுதைத் தந்தையிடமிருந்து 31, ஆக 63. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் ஜோடி சேர்ந்து பிரிய வேண்டும். இங்கே ஒன்று துணையில்லாமல் நிற்கிறது, அதனால் மலடு.

இந்தக் கணக்கு பாதி தூரம்தான் வரும். மங்கோலியப் புல்வெளியின் பிரிஸ்வால்ஸ்கி காட்டுக்குதிரைக்கு 66 குரோமோசோம்கள். நாட்டுக்குதிரையோடு கலந்து பிறக்கும் குட்டிக்கு 65. அதுவும் ஒற்றைப்படைதான், ஆனால் அந்தக் குட்டி வளர்ந்து தன் பங்குக்குக் குட்டி போடுகிறது. சிங்கம், புலி இரண்டுக்கும் சமமாக 38. அவற்றுக்குப் பிறக்கும் லைகரில் ஆண் மலடு, பெண் மலடல்ல. 2012இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் விலங்குக் காட்சிசாலையில் ஒரு பெண் லைகர் குட்டி ஈன்றது.

ஏன் ஆண் மட்டும்? பின்னாளில் இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேஸ்வரில் மறைந்த மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன், 1922இலேயே இதை விதியாக எழுதினார். கலப்பினத்தில் ஒரு பால் மட்டும் பாதிக்கப்பட்டால், அது பெரும்பாலும் இருவேறு பால் குரோமோசோம்கள் கொண்ட பாலாகவே இருக்கும். பாலூட்டிகளில் அது ஆண், பறவைகளிலோ பெட்டை. பெண் பாலூட்டியிடம் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருப்பதால் ஒன்றின் கோளாறை மற்றது மறைக்கும். ஆணிடம் இருப்பது ஒரே எக்ஸ், மறைக்க ஆளில்லை.

ஆனால் பெற்றோரிடம் இல்லாத கோளாறு பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? எனக்கு இந்த இடம்தான் மிக அழகானது. தனித்தனியே நோய் தீர்க்கும் இரண்டு மருந்துகள், சேர்த்து உண்டால் உடம்புக்கு ஒவ்வாமல் போவதுண்டு. ஓரினம் இரண்டாகப் பிரிந்து வாழ்கிறது. இங்கே ஒரு மரபணு மாறுகிறது, அங்கே வேறொன்று. அவரவர் வீட்டில் இரண்டுமே நல்லவைதான். ஒன்றையொன்று முதன்முதலாகச் சந்திப்பது கலப்பினக் குட்டியின் உடலுக்குள். மரபியலாளர்கள் டோப்ஜான்ஸ்கியும் முல்லரும் 1930, 40களில் விரித்துச் சொன்ன கருத்து இது.

அப்படியொரு மரபணு சிக்கியது எலியிடம். ஐரோப்பாவின் இரண்டு வீட்டெலிக் கிளையினங்களைக் கலந்தால் சில ஆண்கள் மலடாகின்றன. காரணமான மரபணு பிஆர்டிஎம்9 என்று 2009இல் பிராக் நகர ஆய்வாளர்கள் கண்டார்கள். ஜோடி சேரும் குரோமோசோம்கள் எந்த இடத்தில் வெட்டி ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று அடையாளம் வைப்பது அதன் வேலை. கலப்பின எலியில் அந்த அடையாளம் பல இடங்களில் ஜோடியின் ஒருபக்கம் மட்டும் விழுகிறது. ஜோடி சேராமலே செல் மடிகிறது. 2016இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் அந்த மரபணுவின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மனிதனுக்குரிய பகுதியைப் பொருத்தினார்கள். மலடாக வேண்டிய எலி தகப்பனானது.

கோவேறு கழுதையிலும் ஹால்டேனின் சாயல் தெரிகிறது. பெட்டை குட்டி போட்டதற்கு அரிதாகச் சில உறுதியான பதிவுகள் உண்டு. ஆண் தகப்பனானதற்கு அப்படி ஒன்றுகூட இல்லை.