சத்தம் எந்தப் படியில் நிற்கிறது?

திருப்பூர்ப் பக்கம் சேவூரிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டேன். திரையில் வால்யூம் 100 காட்டுகிறது, சத்தமே வரவில்லை. ஸ்பீக்கர் போய்விட்டதா?

2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆகவே இது பல வீடுகளின் கேள்வி. ஸ்பீக்கரைக் கழற்றும் முன் வரிசையைப் பார்த்துவிடுவோம்.

லினக்ஸில் வால்யூம் ஒன்றல்ல. பாட்டு ஓடும் செயலியில் ஒன்று. அதன் கீழே, ஒலிகளைக் கலந்து அனுப்பும் பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோவில் ஒன்று. அடியில், கெர்னலின் ஒலி அடுக்கான ஆல்சா வழியே சவுண்ட் சிப்பில் மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன் எனத் தனித்தனியே சில. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், ஸ்டிச்சிங், பேக்கிங் என்று பனியன் துணி போகும் வரிசையை சேவூர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டையிங்கில் துணி நின்றிருக்க, பேக்கிங் ஆட்களை விரட்டி என்ன பயன்? ஒவ்வொரு யூனிட்டும் தனக்கு வந்து சேர்ந்ததில்தான் சேதாரம் கழிக்கும். ஒலியும் அப்படித்தான்: படிகள் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. ஒரு படி பூஜ்யமானால் எல்லாம் பூஜ்யம்.

இதில் நான் ரசிப்பது 50 சதவீதத்தின் கணக்கை. நம் காது சத்தத்தை மடங்குகளாக உணர்வதால், பல்ஸ்ஆடியோ அந்தப் பாதியை அப்படியே எடுக்காமல் மூன்று முறை பெருக்குகிறது. அலையின் உயரம் எட்டில் ஒரு பங்காகிறது, அதாவது 18 டெசிபெல் இறக்கம். செயலியிலும் பாதி, டெஸ்க்டாப்பிலும் பாதி என்றால் 64இல் ஒரு பங்கு, 36 டெசிபெல். மென்பொருளிலேயே இப்படி இறக்கினால் 6 டெசிபெல்லுக்கு ஒரு பிட் போகும். 16 பிட் ஒலியில் 10தான் மிஞ்சும். கட்டிங்கில் வேஸ்ட்டாகப் போன துணியைப் பேக்கிங்கில் மீட்க முடியாது. அதேபோல, பின்னால் ஆம்பிளிஃபயரை ஏற்றினாலும் தொலைந்த நுணுக்கம் வராது, இரைச்சல்தான் ஏறும்.

‘வால்யூம் பூஸ்டர்’ விளம்பரங்களை நம்பாதீர்கள். 150 சதவீதம் என்பது அலையை 3.375 மடங்கு உயர்த்துவது. எல்லையைத் தாண்டும் முகடுகள் தட்டையாக வெட்டுப்படும், பாட்டு கரகரக்கும்.

வரலாறு வேண்டுவோருக்கு: யாரோஸ்லாவ் கிசேலா 1998இல் ஆல்சாவைத் தொடங்கினார். 2004இல் பல்ஸ்ஆடியோ, 2017இல் பைப்வயர் வந்தன. ஒவ்வொன்றும் தொல்லைகள் தீர்ந்ததாகச் சொல்லப்பட்டே வந்தது. அடியில் ஆல்சா இன்றும் அப்படியே இருக்கிறது.

முதலில் ஒலி அமைப்பில் வெளியீடு ஹெச்டிஎம்ஐக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டெர்மினலில் ஆல்சாமிக்சரைத் திறங்கள். முதலில் தெரியும் ஒற்றைப் பட்டை பெரும்பாலும் பைப்வயரின் முகமூடி. எஃப்6 அழுத்தி உண்மையான சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். பட்டைக்கு அடியில் ‘எம்எம்’ என்றிருந்தால் அந்தப் படி மியூட்டில் இருக்கிறது. மேலே பட்டை முழுதாக நிறைந்திருந்தாலும் சத்தம் வராது, ஏனெனில் மியூட் தனி சுவிட்ச். எம் விசையைத் தட்டினால் திறக்கும்.

அப்படியும் வரவில்லையென்றால் ‘ஆட்டோ-மியூட்’டைப் பாருங்கள். ஹெட்போன் செருகியதும் ஸ்பீக்கரை அடைப்பது அதுதான். செருகும் துளைக்குள் பஞ்சோ தூசியோ அடைந்து அங்குள்ள சிறு சுவிட்ச் சிக்கிக்கொண்டால், செருகாத ஹெட்போனைச் செருகியதாகவே சிப் நினைத்துக்கொண்டிருக்கும். ‘டிசேபிள்டு’ ஆக்கிவிட்டு ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள்.