பௌர்ணமிக்கு அறை தேடுகிறீர்களா? அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

திருவண்ணாமலையில் பௌர்ணமி வந்தாலே அறைக்குத் தட்டுப்பாடுதான். சித்ரா பௌர்ணமி, கார்த்திகை தீபம் என்றால் சொல்லவே வேண்டாம். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்துக் கால் நீட்ட ஓர் இடம் கிடைக்காதா என்று வெளியூர் பக்தர்கள் செல்போனில் தேடுகிறார்கள். "ரெண்டு ரூம்தான் சார் இருக்கு, இப்பவே அட்வான்ஸ் போட்டுடுங்க" என்று எதிர்முனையில் யாராவது சொன்னால், அடுத்த நிமிடமே பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். மோசடிக்காரர்கள் காத்திருப்பது இந்த அவசரத்துக்காகத்தான்.

கோயில்களுக்குச் செல்பவர்களைக் குறிவைக்கும் முன்பதிவு மோசடிகள் பற்றி, மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட், சோம்நாத் விருந்தினர் விடுதி அறை போன்றவற்றின் பெயரில் போலி இணையதளங்களும் ஃபேஸ்புக் பக்கங்களும் கூகுள் விளம்பரங்களும் வருகின்றன. பணம் கட்டியதும் எதிர்த்தரப்பைத் தொடர்புகொள்ள முடிவதில்லை என்றது அந்த அறிவிப்பு. எல்லா வகை சைபர் மோசடிகளையும் சேர்த்து 2024-ல் இந்தியர்கள் இழந்தது சுமார் 22,845 கோடி ரூபாய்.

எப்படி ஏமாற்றுகிறார்கள்?

உண்மையான லாட்ஜின் பெயரையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, போன் நம்பரை மட்டும் தங்களுடையதாக மாற்றிவிடுகிறார்கள். கூகுள் மேப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம் என்பதால், உரிமையாளர் கவனிக்காத பக்கங்களில் நம்பரை மாற்றுவது எளிது. பக்தர் பெட்டியோடு வந்து நிற்கும்போதுதான் லாட்ஜ்காரருக்கே விஷயம் தெரிகிறது. ஒருவருக்குப் பணம் நஷ்டம், மற்றவருக்குப் பெயர் நஷ்டம்.

கடைக்காரர்களுக்கு வேறு வகையான ஆபத்து. இன்னொரு கோயில் நகரமான கஜுராஹோவில், 2025 ஜனவரியில் சில கடைகளின் க்யூஆர் அட்டைகள் மேல் இரவோடு இரவாக வேறு க்யூஆர் ஒட்டப்பட்டது. வாடிக்கையாளர்கள் கொடுத்த பணம் வேறொருவர் கணக்குக்குப் போனது. மாட வீதிகளில் தேங்காய், பூ விற்பவர்களுக்கும் இது நேரலாம்.

பக்தர்கள் கவனத்துக்கு

- தேடலில் முதலில் வரும் விளம்பரத்தை நம்பி நம்பரை அழைக்க வேண்டாம். இரண்டு, மூன்று இடங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள்.
- தீபத் திருவிழா கட்டணச் சீட்டுகளை அறநிலையத் துறையின் அதிகாரப்பூர்வக் கோயில் இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். முகவரியின் முடிவில் 'டாட் கவ் டாட் இன்' இருக்கிறதா என்று பாருங்கள்.
- விடுதியின் பெயருக்குப் பதிலாகத் தொடர்பில்லாத தனிநபர் பெயர் யுபிஐ திரையில் வந்தால் நிறுத்திவிடுங்கள்.
- பணம் பெற ரகசிய எண் (பின்) தேவையில்லை. "அட்வான்ஸைத் திருப்பித் தருகிறோம், ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்றால் அது மோசடியேதான்.

வணிகர்கள் கவனத்துக்கு

- உங்கள் விடுதியின் கூகுள் பக்கத்தை உங்கள் பெயரில் உறுதிசெய்து, நம்பர் மாறியிருக்கிறதா என்று பௌர்ணமிக்கு முன்பு பாருங்கள்.
- தினமும் கடை திறந்ததும் க்யூஆர் அட்டையை நீங்களே ஸ்கேன் செய்து, உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.
- வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பாதீர்கள். போலிச் செயலிகளும் 'பணம் சென்றது' என்று காட்டும். ஸ்பீக்கர் பெட்டியின் குரலோ உங்கள் கணக்கில் பதிவோ வரட்டும்.

பணம் போய்விட்டால்?

முதலில் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். புகார் உடனே வங்கிகளுக்குப் போகும். பணம் எந்தக் கணக்கில் இருக்கிறதோ அங்கேயே முடக்கப்படும். மோசடிக்காரர்கள் அதைப் பல கணக்குகளுக்கு மாற்றி ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் மீட்பது கடினம். எனவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பரிவர்த்தனை எண், ஸ்கிரீன்ஷாட், பேசிய நம்பர் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டால் லாபம் மோசடிக்காரர்களுக்கே.

எல்லாப் பொறுப்பையும் பக்தர்கள் தலையில் போடுவது நியாயமில்லை. கோயில் நிர்வாகம், மாவட்ட நிர்வாகம், விடுதி உரிமையாளர்கள் மூவரும் சேர்ந்து, சரிபார்த்த விடுதி எண்களின் பட்டியலை ஒவ்வொரு தீபத் திருவிழாவுக்கு முன்பும் புதுப்பித்து, கோயில் இணையதளத்திலும் பேருந்து நிலையத்திலும் வைக்க வேண்டும். அண்ணாமலையாரை நம்பி வருபவர்களுக்கு இந்த ஊர் செய்ய வேண்டிய கடமை அது.