பள்ளிப் பகலுணவும் தனியார் நிர்வாகமும்

பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாவிலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டங்களிலும் தலைமுறைகளாகத் தமிழர் வாழ்ந்து வருவதை நேயர்கள் அறிவார்கள். கேரளத்தில் அரசாங்கப் பள்ளிகளைவிடத் தனியார் நிர்வகிக்கும் உதவி பெறும் பள்ளிகளே தொகையில் மிகுதி. ஆகவே, தனியார் பள்ளியொன்று பகலுணவுத் திட்டத்தினின்றும் விலகிக்கொள்ளலாமா என்னும் கேள்வி அங்குள்ள பெற்றோருக்கு முக்கியமானது.

அமெரிக்காவில் விலகலாம். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி, உப்பு, முழுத்தானியம் முதலியன பற்றிய கடுமையான விதிகள் 2012 முதல் நடைமுறைக்கு வந்தபோது, சில பள்ளிகள் மானியத்தையே துறந்து வெளியேறின. நம் நாட்டில், 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசாங்கப் பள்ளிகளோடு உதவி பெறும் பள்ளிகளையும் சேர்த்தே, எட்டாம் வகுப்பு வரை இலவச உணவை உரிமையாக்கியுள்ளது. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கத்திடம் பெறும் நிர்வாகி, தம் விருப்பப்படி அடுப்பை அணைத்துவிட இயலாது. அரிசியோ, பணமோ, விறகோ, சமையற்காரரோ இல்லாமல் ஒரு நாள் உணவு தவறினால், அந்நாளுக்குரிய தானியத்தையும் சமையற் செலவையும் மாநில அரசாங்கம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் குழந்தைக்குத் தர வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டின் விதி. பெற்றோரிற் பலர் இதனைக் கேள்வியுற்றதேயில்லை.

தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. கேரளத்தில் 1984-இல் தொடங்கிய இத்திட்டம், கஞ்சியும் பயறுமாயிருந்த நிலையிலிருந்து சோறு, கறி, பால், முட்டை என வளர்ந்தது. 2025-இல் அறிவிக்கப்பட்ட புதிய பட்டியலில் எலுமிச்சைச் சாதமும் இடம்பெற்றது, நம்மவர் மகிழலாம்! ஆனால் அரிசி அரசாங்கத்தினின்று வரினும், காய்கறி முதலியவற்றைத் தலைமையாசிரியரே முன்பணம் போட்டு வாங்கிப் பின்னர் பெற்றுக்கொள்ள வேண்டும். குழந்தையொன்றுக்கு 8, 7, 6 ரூபாய் என, மாணவர் தொகைக்கேற்ப 2016-இல் வகுத்த விகிதம் பல ஆண்டுகள் மாறவில்லை. அதுவும் உரிய காலத்தில் வராமையால், கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தில் ஏறியது தலைமையாசிரியரின் பெயரே. 2023-இல் ஆசிரியர் சங்கமொன்று உயர்நீதிமன்றத்தை நாடியது. பிறருடைய சம்பளத்தில் நடத்தப்படும் உரிமை எத்தனை காலம் நிலைக்கும் என்று ஐயுறுவது தவறாகாது.

உதவி பெறாத தனியார் பள்ளிகளோ சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. ஆங்கிலக் கல்வியை விரும்பிக் குழந்தையை அங்கே மாற்றும்பொழுது கட்டணம் கூடுகிறது, பகற்சோறும் நின்றுபோகிறது. விடியலில் கொழுந்து பறிக்கப் புறப்படும் தாய்க்கு அது சிறிய சுமையன்று. ஊரிலுள்ள உறவினரின் பிள்ளைக்காக வெளிமாநிலத்திலிருந்து பணம் அனுப்புவோர் இச்செலவையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

எல்லை தாண்டிக் கோவைக்கோ தேனிக்கோ குடிபெயர்வோருக்கு இன்னொரு செய்தி. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024-இல் ஊரகப் பகுதிகளிலும் 2025-இல் நகரங்களிலும் உள்ள உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. சேர்க்கைக்கு முன், பள்ளி உதவி பெறுவதா அன்றா என்று கேட்டறிக.